செடிப் பக்கம் போனாலே கொசுக்கடியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன. செடிக்குத் தண்ணீர் விடப் போனால், களை பிடுங்கக் குனிந்தால் கொசு மொய்க்கிறது, வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? எனவே இந்த முறை பூச்சி, நோய், உரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, கொசுக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக மண்ணில் கை வைத்திருப்பவள் என்ற முறையில் என் அனுபவத்தையும், நம்பத் தகுந்த ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, காலையில் அரை மணி நேரம் செடிகளோடு இருப்பதுதான் எனக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. அதற்குள் கை, கால், கழுத்து என்று ஓர் இடம் விடாமல் கடித்துவிடுகிறது. கடை கிரீமைத் தினமும் பூச மனம் வரவில்லை. வீட்டிலேயே கலந்துகொள்ளும்படி ஓர் எண்ணெய் சொல்லுங்களேன்.

பதில்: செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லி, அதாவது ஏறக்குறைய 40 சொட்டு, சிட்ரோனெல்லா (எலுமிச்சைப்புல் இனத்து வாசனைப் புல்) எண்ணெயை விட்டு நன்றாகக் குலுக்குங்கள். வெயில் படாத இடத்தில், அடர் நிறக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். இது 2 சதவீதக் கலவை. தினமும் தோலில் தடவ இதற்கு மேல் போக வேண்டாம். வாசனை போதவில்லை என்று சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் கொசு கடிப்பதற்கு முன்னால் எண்ணெயே தோலைக் கடித்துவிடும். முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மட்டும் மற்ற இடங்களில் பூசுங்கள்.

இதே எண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு முறை அடித்தால் வெறும் தண்ணீர் வரும், அடுத்த முறை கலக்காத எண்ணெய் அப்படியே தோலில் விழும். வெனிலின் சேர்த்தால் சிட்ரோனெல்லாவின் வேலை கொஞ்சம் நீள்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சமையலுக்கு வாங்கும் வெனிலா எசன்ஸ் எண்ணெயோடு சேராது, அதை ஊற்றிப் பயனில்லை.

சரி, இது எவ்வளவு நேரம் காக்கும்? நம் மூச்சில் வரும் கரியமில வாயு, உடம்புச் சூடு, வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலம் போன்றவற்றின் வாசனை, இவற்றை மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. நாம் பூசும் எண்ணெயின் வாசனை அதைக் குழப்புகிறது. அந்த வாசனை ஆவியாகிப் போனதும் குழப்பமும் போய்விடும். 2002ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், டீட் என்ற கொசுவிரட்டி ரசாயனம் 23.8 சதவீதம் கலந்த மருந்து சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா கலந்தவை 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதே ஆய்வில் சோயா எண்ணெய் சேர்த்த ஒரு தயாரிப்பு மட்டும் ஒன்றரை மணி நேரம் வரை நின்றது. மணிக்கட்டில் மாட்டும் வளையங்கள் எதுவுமே செய்யவில்லை.

ஆகவே உங்கள் அரை மணி நேரத்துக்கு இந்தக் கலவை போதும், நடுவில் ஒரு தடவை மறுபடி பூசிக்கொள்ளுங்கள். கணுக்காலையும் பாதத்தின் மேல்புறத்தையும் மறந்துவிடாதீர்கள், பகலில் கடிக்கும் கொசு பெரும்பாலும் அங்கேதான் உட்காரும். ஆனால் உங்கள் பகுதியில் டெங்கு பரவிக்கொண்டிருந்தால் வீட்டுக் கலவையை மட்டும் நம்பாதீர்கள். டீட் 1957 முதல் பொதுமக்கள் கையில் இருக்கிற மருந்து, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி பூசினால் பயப்பட ஒன்றுமில்லை. அது பிடிக்கவில்லையென்றால் பிக்காரிடின் என்ற பொருள் கலந்த கொசுவிரட்டி இருக்கிறது. எலுமிச்சை வாசனை வரும் யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கும் பி.எம்.டி. என்ற பொருள் கலந்த கொசுவிரட்டியும் நல்லது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண யூகலிப்டஸ் தைலம் வேறு, இது வேறு. தைலத்தைப் பூசிக்கொண்டு அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: செடிக்கு அடிக்க வாங்கிய வேப்பெண்ணெய் வீட்டில் நிறைய இருக்கிறது. அதையே கை கால்களில் தடவிக்கொள்ளலாமா?

பதில்: செடிக்கு அடிப்பதற்கென்று விற்கும் வேப்பெண்ணெய் என்றால் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரைவதற்காக அதில் வேறு பொருட்கள் சேர்த்திருப்பார்கள், அவை தோலுக்கானவை இல்லை. எதுவும் கலக்காத, செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் கலந்து தடவலாம். 1993ல் வெளியான ஓர் ஆய்வில் இந்த அளவுக் கலவைக்கு நல்ல பலன் கிடைத்தது, ஆனால் அது மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவை வைத்துச் சொன்னது. பகலில் தோட்டத்தில் நம்மைக் கடிப்பது பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு. அந்த முடிவை அப்படியே இதற்கும் எடுத்துக்கொள்ள முடியாது. வாசனை பொறுக்க முடிந்தால் கணுக்காலுக்குத் தடவுங்கள். முகத்துக்கு வேண்டாம்.

கேள்வி: எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, அதைக் கை கால்களில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு தோட்ட வேலை செய்தால் கொசு வராது என்று தோழி சொன்னாள். கிராம்பு குத்தி வைத்தாலும் ஓடிவிடுமாமே?

பதில்: அம்மா, இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்குகிற பொருட்கள் இருக்கின்றன. சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் ஓரிரு நாளில் தீப்புண் போலக் கொப்பளம் வரும். கொப்பளம் ஆறினாலும் கருத்த தழும்பு மாதக்கணக்கில் போகாது. சாறு வழிந்த கோடு அப்படியே தோலில் தெரியும். தோட்ட வேலை என்றாலே வெயிலில் நிற்பதுதான், அப்படியிருக்க எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெளியே போவதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. பெர்கமாட் போன்ற எலுமிச்சை இன எண்ணெய்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கிராம்பு எண்ணெய் கொசுவை விரட்டும், அதில் சந்தேகமில்லை. பல தாவர எண்ணெய்களை ஒப்பிட்ட சோதனைகளில் நீண்ட நேரம் நின்றவற்றில் கிராம்பும் ஒன்று. ஆனால் அந்தப் பலன் கலக்காத எண்ணெயில் கிடைத்தது, கலக்காத கிராம்பு எண்ணெய் தோலை எரித்துவிடும். பழத்தில் கிராம்பைக் குத்தித் திறந்த வெளியில் வைத்தாலோ, அதன் வாசனை ஒரு சாண் தூரம் தாண்டுவதற்குள் காற்றோடு போய்விடும்.

கேள்வி: தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கவே விடுவதில்லை. வாரா வாரம் எல்லாத் தட்டையும் கவிழ்த்துவிடுகிறேன். அப்படியும் கொசு குறையவில்லை. எங்கே இருந்துதான் வருகிறது?

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். எண்ணெய், புகை, வாசனை எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை இந்த ஒரு வேலை செய்துவிடும், சரியாகச் செய்தால். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, உட்சுவரில், மிளகைத் தூளாக்கித் தூவியது போல மிகச் சிறிய கருப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கிறதா? அதுதான் ஏடிஸ் முட்டை. ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது, தண்ணீரை ஒட்டிய ஈரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். நீங்கள் தண்ணீரைக் கவிழ்க்கும்போது முட்டை எங்கேயும் போவதில்லை, காய்ந்த தட்டிலேயே உயிரோடு இருக்கும். மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த மழையிலோ, அடுத்த தடவை நீங்கள் தண்ணீர் விடும்போதோ அந்தக் கோடு நனைந்தால் பொரிந்துவிடும். வெப்பமான நாட்களில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கு சரி. விட்டுப்போனது தேய்ப்பதுதான்.

தோட்டத்துக் குழாய்ப் பக்கத்திலேயே நான் ஒரு பழைய பாட்டில் பிரஷ்ஷைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தட்டைக் கவிழ்ப்பேன், உட்சுவரைச் சுற்றி அழுத்தித் தேய்ப்பேன், கழுவிய தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுவேன். சாக்கடைப் பக்கமோ வேறு வாளியிலோ ஊற்றினால் பிரிந்த முட்டை அங்கே போய்ப் பொரியும். தேய்க்க நேரமில்லாதவர்கள் தட்டு நிறைய மணலை நிரப்பிவிடுங்கள். ஈரம் இருக்கும், தண்ணீர் தேங்காது.

இனி, தட்டைத் தவிர எங்கெல்லாம் பார்க்க வேண்டும்? இலை தண்டோடு சேரும் குழியில் தண்ணீர் நிற்கும் செடிகளை, குறிப்பாக அன்னாசி இனத்து அலங்காரச் செடிகளைப் பாருங்கள். வெட்டிய மூங்கிலின் குழி, மரப் பொந்து, கவிழ்க்காமல் வைத்த பூவாளி, குழாய்க்குக் கீழே இருக்கும் வாளி, மேலே விரித்த பிளாஸ்டிக் தாளின் மடிப்பு, உரக் கூடைக்கு அடியில் சாறு வடியும் தட்டு, பறவைகளுக்கு வைத்த கிண்ணம், அடைத்துக்கொண்ட கூரைக் கால்வாய், பழைய டயர், எல்லாமே அதற்கு வீடுதான். ஒரு பாட்டில் மூடித் தண்ணீர் இருந்தாலும் போதும். பறவைக் கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள், பறவைக்கும் அதுதான் நல்லது.

முட்டையிலிருந்து வரும் கொசுப்புழுவைக் கண்டுபிடிப்பதும் எளிது. தண்ணீர் அசையாமல் இருக்கும்போது மெதுவாகக் குனிந்து பாருங்கள். வாலில் இருக்கும் மூச்சுக் குழாயை மேற்பரப்பில் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். உங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து அடியில் போய்விடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே வரும். தொங்காமல், தண்ணீரின் மேற்பரப்போடு படுத்தாற்போல இருந்தால் அது அனாபிலிஸ். காற்புள்ளி வடிவில் உருண்டு திரிவது கூட்டுப்புழு. அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே வேலையை முடியுங்கள், ஓரிரு நாளில் இறக்கை முளைத்துவிடும்.

பக்கத்து இடங்களிலிருந்து வரும் கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். எனவே உங்களைக் கடிப்பது உங்கள் தட்டிலோ பக்கத்து வீட்டுத் தட்டிலோ வளர்ந்ததாகத்தான் இருக்கும். பக்கத்தில் செடி வளர்ப்பவரிடமும் இந்த பிரஷ் விஷயத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: துளசி, புதினா, எலுமிச்சைப்புல், துலுக்கச் சாமந்தி எல்லாம் வரிசையாக வைத்துவிட்டேன். கொசு அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் ஏதாவது தப்பாக வைத்துவிட்டேனா?

பதில்: நீங்கள் வைத்ததில் குறை இல்லை, செடிகள் நன்றாகத்தான் இருக்கும். கொசுவை விரட்டும் எண்ணெய் இலைக்குள்ளே இருக்கிறது. இலையைக் கசக்காமல் அது போதிய அளவு காற்றில் வராது. கொசுச் செடி என்று சொல்லி விற்கும் வாசனை ஜெரேனியத்துக்கும் இதே கதைதான், சும்மா தொட்டியில் நின்றால் ஒன்றும் நடக்காது. சொல்லப்போனால் அடர்ந்து நிழலாக இருக்கும் எந்தச் செடியும் பகல் நேரத்தில் கொசு ஓய்வெடுக்க வாகான இடம். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தைச் சுற்றி அடிக்கிளைகளைக் கழித்து, காற்றும் வெளிச்சமும் புக விடுங்கள். வேண்டுமானால் எலுமிச்சைப்புல் தாள் ஒன்றை விரலால் கசக்கி உடுப்பின் விளிம்பில் தேய்த்துக்கொள்ளுங்கள், சில நிமிடங்களுக்கு உதவும்.

கேள்வி: பூண்டு நிறையச் சாப்பிட்டால், வைட்டமின் பி மாத்திரை போட்டால் ரத்த வாசனையே மாறிக் கொசு கடிக்காதாமே? போனில் இறக்கிக்கொள்ளும் கொசு விரட்டும் ஒலி எப்படி?

பதில்: மூன்றும் பயன்படாது. பூண்டையும் வைட்டமின் பி-யையும் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், கடிக்கும் எண்ணிக்கை மாறவில்லை. ஒலிக் கருவிகளைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் 2007ல் மொத்தமாக அலசியபோதும் பலன் என்று ஒன்றும் தெரியவில்லை. காசையும் நேரத்தையும் வேறு எதிலாவது போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் எதுவுமே பூசாமல், புகையும் போடாமல் தோட்டத்தில் நிம்மதியாக வேலை செய்ய வழியே இல்லையா அக்கா?

பதில்: இருக்கிறது, காற்று. கொசு பலமாகப் பறக்கக்கூடிய பூச்சி இல்லை, மனிதர் மெதுவாக நடக்கும் வேகத்தில்தான் பறக்கும். விதை போடுவது, நாற்று மாற்றுவது, தொட்டி மண் கலப்பது போல ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நான் டேபிள் ஃபேனைத்தான் வைத்துக்கொள்கிறேன். முகத்துக்கு நேராக வைக்காமல், ஒரு சிறு முக்காலியில் தாழ்வாக வைத்து, முழங்காலுக்குக் கீழே காற்று படும்படி திருப்புவேன். காற்று கொசுவைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. நம் மூச்சுக் காற்றையும் உடம்பு வாசனையையும் கலைத்துவிடுவதால் கொசுவுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரிவதில்லை. 2003ல் இதற்கென்றே ஓர் ஆய்வு நடந்து, ஃபேன் காற்று கொசுவை நன்றாகக் குறைப்பதை உறுதிசெய்தது. வெளியே கொண்டுபோகும் ஃபேனின் வயர் ஈரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரி ஃபேன் வாங்குங்கள்.

அடுத்தது உடுப்பு. முழுக்கை, தொளதொளப்பு, வெளிர் நிறம். உடம்போடு ஒட்டிய மெல்லிய துணிக்குள் கொசு ஊசியை நுழைத்துவிடும், தளர்வான துணிக்குள் அதன் ஊசி தோலை எட்டாது. நிறத்துக்கும் காரணம் உண்டு. 2022ல் வெளியான ஓர் ஆய்வில், கரியமில வாயுவை மோப்பம் பிடித்த ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கருப்பு நிறங்களை நோக்கிப் பறந்தன. வெள்ளை, பச்சை, ஊதா, நீலத்தைச் சட்டை செய்யவில்லை. நம் தோல் எந்த நிறமாக இருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளி அவற்றின் கண்ணுக்குச் சிவப்புப் பக்கம்தான். மூடிய கை, மூடிய கால் ஏன் உதவுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். நான் தோட்டத்துக்கென்று ஒரு பழைய வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன். கால்சட்டை விளிம்பைச் சாக்ஸுக்குள் செருகிவிடுவேன்.

நேரம் மூன்றாவது. ஏடிஸ் பகல் கொசு. சூரியன் உதித்த பிறகு ஓரிரு மணி நேரமும், மறைவதற்கு முன் சில மணி நேரமும் அதன் சுறுசுறுப்பு உச்சத்தில் இருக்கும். இருட்டிய பிறகு க்யூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசுவும் அனாபிலிஸும் கிளம்பும். நம்மில் பலர் தோட்டத்துக்குப் போவதும் ஏடிஸ் சுறுசுறுப்பாக இருக்கும் அந்தக் காலை, மாலை நேரங்களில்தான். நேரத்தை மாற்ற முடிந்தவர்கள் மாற்றுங்கள். முடியாதவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிழலில், புதருக்கு அருகில் குனிந்து செய்யும் வேலையைக் கொசு குறைந்த நேரத்துக்கு வைத்து, நடந்துகொண்டே தண்ணீர் விடுவதை மட்டும் காலையில் செய்யுங்கள். மாலையில் தண்ணீர் விட்டால் இரவு முழுக்க இடம் ஈரமாகவே இருக்கும், கொசுவுக்கு அது சுகம்.

கேள்வி: சாயங்காலம் காய்ந்த இலைகளோடு வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டுவோம். கொசுவர்த்தியைவிட இது இயற்கையானது அல்லவா?

பதில்: புகைக்குள் இருக்கும் வரை கொசு குறையும், உண்மைதான். ஆனால் எந்த இலையை எரித்தாலும் அந்தப் புகையின் நுண்துகள் நம் நுரையீரலுக்குள் போகிறது. வேப்பிலைப் புகை என்பதால் அது கெடுதல் செய்யாமல் விடாது. கொசுவர்த்தியை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவுக்குச் சமம் என்று 2003ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் எந்தப் புகையும் வேண்டாம். அந்தக் காய்ந்த இலைகளைச் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள். வெறும் ஈர இலையில் கொசு முட்டையிடாது, அதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும்.

கேள்வி: நான் பள்ளி மாணவன். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் போட்டுக் கொசுப் பொறி செய்தேன். ஒன்றிரண்டுகூட விழவில்லை. ஏன்?

பதில்: தம்பி, உன் யோசனையில் தவறில்லை. ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்க வைக்கும்போது கரியமில வாயு வரும், கொசு அதைத் தேடித்தான் வரும். ஆராய்ச்சியாளர்களே ஈஸ்டை அப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்களுடைய பொறியில் வந்த கொசுவை உள்ளே இழுக்க ஒரு ஃபேன் இருக்கும். உன் பாட்டிலில் அது இல்லை. பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு நீயும் நிற்கிறாய், உன்னிடம் வாயுவோடு சூடும் வாசனையும் இருக்கிறது.

அதற்குப் பதிலாக முட்டைப் பொறி செய்து பார். ஒரு கருப்பு டப்பாவை எடுத்துப் பாதி வரை தண்ணீர் ஊற்று. உட்சுவரைச் சுற்றிச் சொரசொரப்பான வெள்ளைத் துணிப்பட்டை ஒன்றை, பாதி தண்ணீரில் நனையும்படி ஒட்டி வை. நிழலான மூலையில் வைத்துவிடு. இருட்டான ஈரச் சுவர் என்று நினைத்து ஏடிஸ் அந்தத் துணியில் முட்டையிடும். நான்கைந்து நாளில் துணியை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார், கருப்புப் புள்ளிகள் தெரியும். பார்த்த பிறகு துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அந்த வேலைக்குப் பெரியவர்களைக் கூப்பிடு. ஒரு நிபந்தனை: ஒரு வாரத்துக்கு மேல் அதை மறந்துவிடவே கூடாது. மறந்தால் நீயே கொசுப் பண்ணை வைத்ததாகிவிடும். மறந்துவிடுவோம் என்று தோன்றினால் செய்யாதே.

கேள்வி: மழைத்தண்ணீர் சேமிக்கும் டிரம்மில் புழு நெளிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா, சோப்புத் தண்ணீர் ஊற்றலாமா? அதே தண்ணீரைத்தான் செடிக்கு விடுகிறேன்.

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம். புழு சாகும், மண்ணும் வேரும் சேர்ந்து கெடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும், புழுவும் கூட்டுப்புழுவும் மேலே தொங்கி மூச்சுவிட முடியாமல் மூழ்கும். ஆனால் செடிக்குப் போகாத, மீனும் தவளையும் இல்லாத தேங்கலுக்கு மட்டும்தான் அது.

உங்கள் டிரம்முக்கு முதல் மருந்து மூடி. கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து வாயில் விரித்து, சைக்கிள் ட்யூபை அறுத்து எடுத்த வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். குழாய் உள்ளே வரும் ஓட்டையையும், வழிந்து வெளியேறும் ஓட்டையையும் அதேபோல மூடுங்கள், பலர் விட்டுவிடும் இடம் அதுதான். துணி தொய்ந்து தண்ணீரில் படக்கூடாது.

இப்போது இருக்கும் புழுவுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து போடலாம். 1976ல் கண்டுபிடித்தது. புழு இதைத் தின்றால் அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் நச்சு வெளிப்பட்டுச் சாகும். தேனீ, மீன், நாய், பூனை, நமக்கு என்று எதற்கும் தீங்கில்லை, செடிக்கும் பயமில்லாமல் விடலாம். ஒரு விஷயம், கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் அதை இது கொல்லாது. அதனால் முதல் தடவை டிரம்மைக் காலிசெய்து தேய்த்துவிட்டு, மறுபடி தண்ணீர் சேரும்போது மருந்தைப் போடுங்கள். அல்லி வளர்க்கும் தொட்டி என்றால் சில கப்பி மீன்கள் போதும், புழுவைத் தேடித் தின்றுவிடும். அவற்றைக் குளத்திலோ ஓடையிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் மீன்களுக்குத் தொந்தரவு.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் என்னோடேயே தோட்டத்தில் திரிவான். வீட்டில் பூனையும் இருக்கிறது. எந்த எண்ணெய் பூசலாம்?

பதில்: பேரனுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம், முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, சாக்ஸ் போட்டு விடுங்கள். பி.எம்.டி. மூன்று வயதுக்குக் கீழே பூசவே கூடாது. டீட் இரண்டு மாதத்துக்குக் கீழான கைக்குழந்தைக்குக் கூடாது, அந்தக் குழந்தைக்கு வலை மூடிய தொட்டிலோ வண்டியோதான் சரி. கொஞ்சம் பெரிய குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கொசுவிரட்டியை உங்கள் கையில் எடுத்து நீங்களே பூசிவிடுங்கள். அதன் உள்ளங்கையில் பூச வேண்டாம், நேரே வாய்க்கும் கண்ணுக்கும் போகும். கற்பூரத்தைக் கரைத்த எண்ணெய் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும்.

பூனையின் ஈரலுக்குச் செடி எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி மிகக் குறைவு. யூகலிப்டஸ், கிராம்பு, டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் அதற்கு விஷம். நீங்கள் பூசிக்கொண்டு அதை மடியில் வைத்தால், உடம்பை நக்கும்போது உள்ளே போய்விடும். கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

கேள்வி: கடித்த பிறகு அரிப்பு தாங்கவில்லை. என்ன தடவலாம்?

பதில்: சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துக் கழுவினாலும் அடங்கும். மண் பட்ட நகத்தால் சொறியாதீர்கள், அந்தச் சிறு கீறலில்தான் புண் பிடிக்கும்.

கடித்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, தோலில் தடிப்பு என்று வந்தால் வீட்டு வைத்தியத்தோடு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள். அவரைப் பார்க்கும் வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் மாத்திரைகளைத் தொடாதீர்கள், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், தண்ணீரும் நிறையக் குடியுங்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று கண்டால், காய்ச்சல் இறங்கிவிட்டது என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் நிலைமை மோசமாகும்.